ஹிஸ்டோகிராம்ல கீழ ஓடற கோட்ட முதல்ல பாரு: என் மகளும் 40 செம்பனைக் குலையும்

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல செம்பனைக் குலைய (பாமாயில் எடுக்கற பனையோட குலை) எடை போட்டு வாங்கற ஒரு எடத்துல நான் கிராணியா, கணக்கு எழுதற கிளார்க்கா இருக்கேன், 17 வருஷம் ஆச்சு. லோரி வரும், எடை பாப்பேன், சீட்டு எழுதுவேன், சாயங்காலம் எல்லாத்தையும் கூட்டிப் போட்டு சராசரி எடுத்து வைப்பேன், இதுதான் வேல. அதனால மக படிவம் 1, அதாவது இடைநிலைப்பள்ளி மொத வருஷம் போனப்ப மத்த பாடத்துக்கு பயந்தேனே தவிர கணக்குக்கு பயப்படல, அதுலயும் தரவு பாடம்னா நாம தினமும் செய்யற வேலதானேன்னு தைரியமா இருந்தேன். அந்த தைரியத்துல நான் சொல்லிக் குடுத்த ஒரு வரிதான் பிள்ளைக்கு மார்க்கு போக வச்சுது.

படிவம் 1 கணக்குப் புத்தகத்துல மொத்தம் 13 அத்தியாயம், இந்த தரவு பாடம் 12வது. வருஷக் கடைசி, எல்லாரும் பாடத்த முடிக்கற அவசரத்துல இருப்பாங்க. ஆனா இந்த ஒரே அத்தியாயத்துக்குள்ள பட்டைக் குறிவரைவு, வட்டக் குறிவரைவு, கோட்டு வரைபடம், புள்ளி வரைபடம், தண்டு இலை, ஹிஸ்டோகிராம், நிகழ்வெண் பல்கோணம்னு அத்தனையும் இருக்கு. தமிழ்ப்பள்ளியில ஆறு வருஷம் தமிழ்ல கணக்கு படிச்சிட்டு வந்த பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளியில எல்லாமே மலாய். எத்தன தடவ வருதுங்கற எண்ணிக்கை, நிகழ்வெண்ணுன்னு தெரிஞ்சது அங்க கெக்கெராப்பான், பிரிவு இடைவெளி அங்க செலாங் கெலாஸ். சோதனைக்கு மொத நாள் ராத்திரி அடுப்பங்கரையில வந்து நின்னு "மா, ஹிஸ்டோகிராம்னா என்னாமா"ன்னு கேட்டா. நான் ரசத்த தாளிச்சிக்கிட்டே "அது பட்டைக் குறிவரைவுதான்டி, பட்டைங்கள இடைவெளி இல்லாம ஒட்டி ஒட்டி வரைஞ்சா ஹிஸ்டோகிராம்"னு சொல்லிட்டேன். அவளும் சரின்னு போயிட்டா.

தாள் திரும்பி வந்தப்ப பாத்தேன். 30 மாணவர்களோட மார்க்கு அட்டவணை குடுத்து வரையச் சொல்லியிருக்காங்க. 40–49ல 4 பேரு, 50–59ல 8, 60–69ல 9, 70–79ல 6, 80–89ல 3. இவ பட்டைங்கள ஒட்டித்தான் வரைஞ்சிருக்கா, நான் சொன்னது அதுதானே. ஆனா ஒசரமான பட்டை மொதல்ல, அப்புறம் அதுக்கு அடுத்தது, அதுக்கு அடுத்ததுன்னு படிக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கா, 60–69, அதுக்கப்புறம் 50–59, அப்புறம் 70–79, அப்படியே போவுது. செவப்பு மையில ஒரு கோடு, பக்கத்துல "சூசுனான் சாலா"ன்னு ரெண்டு வார்த்தை, வரிசை தப்புன்னு அர்த்தம். ஏன்டி இப்படி மாத்தி போட்டன்னு கேட்டேன். "தமிழ்ப்பள்ளியில டீச்சர் சொன்னாங்க, எந்தப் பட்டை மொதல்ல வந்தாலும் பரவால்லன்னு, அழகா இருக்கட்டும்னு போட்டேன்"னா.

அவ சொன்னது தப்பே இல்ல. பட்டைக் குறிவரைவுல நாசி லெமாக், ரொட்டி சானாய், தோசைன்னு வகுப்புல யாருக்கு என்னா புடிக்கும்னு வரைஞ்சா தோசைய மொதல்ல போடலாம், கடைசியிலயும் போடலாம், அர்த்தம் மாறாது. ஏன்னா கீழ இருக்கறது பேரு. ஹிஸ்டோகிராம்ல கீழ இருக்கறது ரூல் தடி மாதிரி ஓடற ஒரு எண் கோடு, 49க்கு அப்புறம் 50தான் வரணும், அதத் தூக்கி 70க்கு பின்னால வைக்க முடியாது. பட்டைங்க ஒட்டி நிக்கறதுகூட அழகுக்கு இல்ல, கோடு அறுபடாம ஓடறதால மேல நிக்கற பட்டையும் ஒட்டி நிக்குது. அதனால ஹிஸ்டோகிராம்ல எங்கயாவது காலி எடம் தெரிஞ்சா அதுவே ஒரு சேதி, அந்த எடையில, அந்த மார்க்குல யாருமே இல்லன்னு அர்த்தம். நான் சொன்ன "ஒட்டி வரைஞ்சா போதும்"ங்கற வரியில இது ஒண்ணுமே இல்ல. பட்டை வரைபடம் 1786ல வில்லியம் பிளேஃபேர் போட்ட புத்தகத்துல இருக்கு, ஸ்காட்லாந்து எந்தெந்த நாட்டோட எவ்வளவு ஏற்றுமதி இறக்குமதி செஞ்சதுன்னு நாடு நாடா வரைஞ்சார். ஹிஸ்டோகிராம்ங்கற பேரு அதுக்கு நூறு வருஷம் கழிச்சுத்தான் வந்துச்சு, கார்ல் பியர்சன் 1895ல எழுதினதுல இருக்கு. வேற வேற ரெண்டு சாமான நான் ஒரே வரியில ஒட்டி வச்சிட்டேன்.

இன்னும் ரெண்டு எடத்துல மார்க்கு போயிருந்துச்சு. அதிகமான மாணவர்கள் எந்தப் பிரிவுலன்னு கேட்டதுக்கு இவ "9"னு எழுதியிருக்கா. பட்டையோட உச்சிய பாத்து, அங்கிருந்து இடது பக்கம் போயி படிச்சிட்டா, கீழ எறங்கவே இல்ல. பதில் 60–69. அடுத்தது, இதத்தான் எல்லா தாய் தகப்பனும் கவனிக்கணும், "செகூராங்-கூராங்ஞா 60 மார்க்கா" எடுத்தவங்க எத்தன பேருன்னு கேள்வி. அதுக்கு அர்த்தம் கொறஞ்சது 60, அதாவது 60உம் அதுக்கு மேலயும். இவ அதுல இருக்கற "கூராங்"கற (கொறைவுன்னு அர்த்தம்) சத்தத்த மட்டும் புடிச்சிக்கிட்டு 60க்கு கொறைவா எடுத்தவங்கள எண்ணி 4உம் 8உம் 12னு எழுதிட்டா. சரியான பதில் 9உம் 6உம் 3உம் சேந்து 18. கணக்கு தெரியாம போன மார்க்கு இல்ல இது. நம்ம தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்க இந்த மாதிரி வார்த்தையில எத்தன மார்க்கு விடுதுங்கன்னு நெனச்சா எனக்கு மனசு கேக்காது. அன்னைக்கே ஒரு அட்டையில எழுதி குளிர்சாதனப் பெட்டி கதவுல ஒட்டினேன்: செகூராங்-கூராங்ஞா 20ன்னா 20உம் மேலயும், கூராங் டாரிபாடா 20ன்னா 20 சேராது கீழ மட்டும், லெபே டாரிபாடா 20ன்னா 20 சேராது மேல மட்டும், திடாக் மெலெபிஹி 20ன்னா 20உம் கீழயும். நாலு வரி. பால் எடுக்க கதவ தொறக்கறப்பெல்லாம் படிச்சா.

சரி, இப்ப குலைக்கு வர்றேன். எங்க மாமாவுக்கு டவுனுக்கு வெளிய கொஞ்சம் நெலம் இருக்கு, முன்ன பால்மரம், அதாவது ரப்பர் மரம் நின்னது, இப்ப செம்பனை. மேட்டுப் பக்கம் பழைய மரத்த சாச்சிட்டு மறு நடவு போட்டு காய்க்க ஆரம்பிச்ச மரம், பள்ளத்துப் பக்கம் பழைய மரம். குலை வெட்டற நாளு சனிக்கிழமையில வந்துச்சு. மகளையும் பக்கத்து வீட்டு பையன், அவன் தங்கச்சி, இன்னொரு பிள்ளை, நாலு பேரையும் கூட்டிட்டுப் போனேன். மாமாகிட்ட "மாமா, லோரியில ஏத்தறதுக்கு முன்னால ஒரு 40 குலைய மட்டும் தனித்தனியா எடை போட்டுக்கறோம்"னேன். அவரு "என்னாத்துக்குமா, மொத்தமா போட்டா போதாதா"ன்னு கேட்டாரு, இருந்தாலும் தொங்கு தராச எடுத்து கட்டிக் குடுத்தாரு. செம்பனைக் குலையில முள்ளு இருக்கும், பிள்ளைங்கள தொட விடல, மாமாவும் அவருகூட வேல செய்யறவரும் கொக்கியில மாட்டினாங்க, பையன் எடைய சத்தமா படிச்சான், பெரிய பிள்ளைங்க எழுதுச்சுங்க. தராசு முள்ளு ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னா கிட்ட இருக்கற கிலோவ எழுதச் சொன்னேன். அப்பவே என் மக கேட்டா, "மா, சரியா ஏழரையில நின்னா?" நல்ல கேள்விடி, வீட்டுக்குப் போயி பேசுவோம்னேன்.

வீட்டுல மைலோ டப்பா அட்டைய சின்னச் சின்ன சதுரமா வெட்டி 40 துண்டு ஆக்கினோம், ஒரு குலைக்கு ஒரு துண்டு, அதுமேல அதோட எடை. வாசல் சிமெண்டு தரையில சாக்கட்டியில நீளமா ஒரு கோடு போட்டு 5லேர்ந்து 25 வரைக்கும் எண்ண எழுதினேன். ஒவ்வொரு அட்டையையும் அதோட எண்ணுக்கு மேல வைக்கச் சொன்னேன். 9 கிலோவுக்கு மேல அஞ்சு அட்டை ஏறிச்சு, அதுதான் ஒசரம். 21க்கு மேல நாலு. 15க்கு மேல ஒண்ணே ஒண்ணு தனியா நின்னுச்சு. 13, 14, 16 மூணும் காலி. "ஆன்ட்டி, இது புள்ளி வரைபடம்தானே"ன்னு பையன் சொன்னான். ஆமான்னேன்.

அப்புறம் வெளக்குமாத்துக் குச்சி ஆறு எடுத்து கோட்டுக்கு குறுக்க வச்சேன், 7க்கும் 8க்கும் நடுவுல ஒண்ணு, 10க்கும் 11க்கும் நடுவுல ஒண்ணு, இப்படி மூணு மூணு கிலோவா அறை தடுத்தேன். ஒரு அறையில இருக்கற அட்டைய எல்லாம் ஒரே அடுக்கா அடுக்குங்கன்னேன். அடுக்கி முடிச்சதும் எண்ணு தெரியாத மாதிரி எல்லா அட்டையையும் குப்புறப் போடச் சொன்னேன். இதச் செஞ்சப்பதான் பிள்ளைங்க முகம் மாறிச்சு. 5–7ல 7 அட்டை, 8–10ல 11, 11–13ல 3, 14–16ல 1, 17–19ல 5, 20–22ல 9, 23–25ல 4. எண்ணி பாத்தா 40 சரியா வருது. இப்ப கேட்டேன், "ரொம்ப கனமான குலை எத்தன கிலோ?" தங்கச்சி சின்னவ, அஞ்சாம் ஆண்டு, டக்குனு கடைசி அடுக்குல கைய வச்சு மேல் அட்டைய திருப்பப் போனா. திருப்பக் கூடாதுன்னேன். "அப்ப எப்புடி ஆன்ட்டி சொல்றது?" சொல்ல முடியாது, 23லேர்ந்து 25க்குள்ளன்னு மட்டுந்தான் சொல்ல முடியும். ஹிஸ்டோகிராம்ல ஒவ்வொருத்தர் முகமும் போயிடும், கூட்டம் மட்டுந்தான் நிக்கும். "15 கிலோவுக்கு மேல எத்தன குலை?"ன்னு கேட்டேன். 5உம் 9உம் 4உம் 18ன்னு மக சொன்னா, சொல்லிட்டு அவளே நிறுத்தி அந்த ஒத்த அட்டைய பாத்தா. "மா, அது 16ஆ இருந்தா 19." அவ்வளவுதான், எனக்கு அதுக்கு மேல அந்த அட்டையில சொல்லிக் குடுக்க ஒண்ணும் இல்ல. "செகூராங்-கூராங்ஞா 20 கிலோ எத்தன?"ன்னு கேட்டேன், நாலு பேரும் ஒண்ணா 13ன்னு கத்துச்சுங்க. அது குச்சி வச்ச எடத்துலயே வெட்டுது, அதனால உறுதியா சொல்லலாம்.

ஏழரை கேள்விய அப்பத்தான் எடுத்தேன். அட்டவணையில 5–7, அடுத்து 8–10ன்னு போட்டிருக்கு, நடுவுல ஓட்டை இருக்கற மாதிரி தெரியும். ஆனா நாம எழுதின 7ங்கறது தராசுல ஆறரையிலேர்ந்து ஏழரை வரைக்கும் நின்ன எதுவும்தானே, கிட்ட இருக்கற கிலோவுக்கு எழுதினோமே. அதனால அந்த அறையோட உண்மையான சொவரு 4.5லயும் 7.5லயும் இருக்கு, அடுத்த அறை 7.5லேர்ந்து 10.5. இதத்தான் புத்தகத்துல செம்பாடான் கெலாஸ்னு போட்டிருக்கு, பிள்ளைங்க 0.5 கழிக்கணும் கூட்டணும்னு மனப்பாடம் பண்ணுதுங்க, ஏன்னு தெரியாது. ஒரு அறையோட அகலம் 3, 7லேர்ந்து 5 கழிச்சா வர்ற 2 இல்ல. சரியா ஏழரையில முள்ளு நின்னா எந்தப் பக்கம்னு எடை போடறதுக்கு முன்னாலயே ஒரு முடிவு பண்ணிக்கிட்டு எல்லாக் குலைக்கும் அதையே செய்யணும்னு சொன்னேன். மேலேத்தி 8ன்னு எழுதறதுன்னு அதுங்களே பேசி முடிவு பண்ணுச்சுங்க.

மாமா தேத்தண்ணி குடிக்க வந்தவரு வாசல்லயே நின்னுட்டாரு. தரையில ரெண்டு மேடு, நடுவுல பள்ளம். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "இது மேட்டு மரம், அது பள்ளத்து மரம்"னு காலாலயே காட்டினாரு. ஒரு எண்ணையும் அவரு படிக்கல. இளமரம் சின்னக் குலையா நெறய தள்ளும், வயசான மரம் கொஞ்சமா தள்ளினாலும் பெருசா தள்ளும், அது அவருக்குத் தெரியாததா. எனக்குத்தான் அங்க நெஞ்சுல ஒண்ணு தட்டுச்சு. 40 குலையும் சேந்து 567 கிலோ, 40ஆல வகுத்தா 14.175. ஆபீஸ்ல நான் எழுதியிருந்தா "சராசரி 14 கிலோ"ன்னு எழுதி மூடியிருப்பேன், 17 வருஷமா அப்படித்தான் எழுதறேன். ஆனா தரையில பாத்தா 14 கிலோவுல ஒரு குலைகூட இல்ல, அந்த அறையிலயே ஒண்ணே ஒண்ணுதான் கெடக்கு. சராசரி பொய்யின்னு நான் சொல்லல, லோரிக்கு எத்தன குலை ஏத்தலாம்னு பாக்க அது போதும், 40 தடவ 14.175 போட்டா அதே 567தான். மாமாவோட தோட்டம் எப்படி இருக்குன்னு கேட்டா மட்டும் அது ஒண்ணுமே சொல்லாது, அந்த ரெண்டு மேடுதான் சொல்லும்.

அதுக்கப்புறம் குச்சிய மாத்தி மாத்தி வச்சுப் பாத்தோம். 5–15, 16–26ன்னு ரெண்டே அறை வச்சா ஒண்ணுல 22, இன்னொண்ணுல 18, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே ஒசரம், பள்ளம் காணாம போயிடுச்சு. ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு அறைன்னா 21 அறை, பல்லு போன சீப்பு மாதிரி, ஒரு வடிவமும் கண்ணுக்குத் தெரியல. அதே 40 குலைதான். அதனால யாராவது ஒரு ஹிஸ்டோகிராம காட்டினா அகலம் எவ்வளவுன்னு மொதல்ல கேளுங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொன்னேன். பையன் ஒரு வேல பண்ணான், நடுவுல ரெண்டு குச்சிய மட்டும் உருவிட்டு 11–19ஐ ஒரே அறையா ஆக்கி 9 அட்டை ஒசரத்துக்கே அகலமா ஒரு பட்டை வரைஞ்சான். பாத்தா நடுவுலதான் பெரிய கூட்டம் இருக்கற மாதிரி தெரியுது! 9 கிலோ அகலத்துல 9 குலைன்னா மூணு கிலோவுக்கு 3தான், அந்த அறை 3 ஒசரத்துலதான் நிக்கணும், மத்த அறையோட ஒப்பிட்டா பரப்பளவுதான் பேசணும். படிவம் 1ல வர்றது எல்லாம் சம அகலம், அதனால ஒசரத்த படிச்சா போதும், ஆனா அவனே கையால ஏமாத்திப் பாத்ததால இது அவனுக்கு இனி மறக்காது.

இப்ப வீட்டுல ஒரு ஹிஸ்டோகிராம் கேள்வி வந்தா நாங்க செய்யற முறை இது. மேல பாக்கவே விடமாட்டேன், கையால பட்டைங்கள மறைச்சிடுவேன். கீழ் கோட்டுல என்னா எழுதியிருக்கு, கிலோவா நிமிஷமா மார்க்கா, எங்க ஆரம்பிக்குது, ஒரு அறை எவ்வளவு அகலம், இத வாய்விட்டு சொல்லணும். அப்புறம் நிக்கற கோடு, ஒரு கட்டம் ஒரு ஆளா ரெண்டு ஆளா, ஏன்னா நெறய பிள்ளைங்க கட்டத்த எண்ணிட்டு அதையே பதிலா எழுதிடுதுங்க. அதுக்கப்புறம்தான் கைய எடுப்பேன், எடுத்ததும் கேள்விக்குப் போகாம ஒரு பட்டைய தொட்டு முழு வாக்கியமா சொல்லணும்: "20லேர்ந்து 22 கிலோ வரைக்கும் 9 குலை இருக்கு." இந்த ஒரு வாக்கியம் வாயில வந்துட்டா 9 கிலோன்னு எழுதற தப்பு தானா போயிடுது. எல்லா பட்டையையும் கூட்டி மொத்தம் சரியா வருதான்னு ஓரத்துல எழுதிக்கணும். வடிவத்த பத்தி கடைசியா கேப்பேன், எங்க கூட்டம், எங்க காலி, ஏன் அப்படி இருக்கும்னு. இந்த ஏனுக்கு புத்தகத்துல பதில் இருக்காது, அவளே யோசிக்கணும். எனக்கு பாடத்துலயே ரொம்ப புடிச்ச எடம் அதுதான், ஆனா அவசரத்துல எல்லாரும் விடறதும் அதத்தான்.

செம்பனை இல்லாத வீட்டுல என்னா செய்யறதுன்னு கேக்கலாம். எடுக்கறதுக்கு என்னா இல்ல, பள்ளி பஸ் எத்தன நிமிஷம் லேட்டுன்னு ரெண்டு மாசம் எழுதுங்க, ஒரு பிடி கச்சான (நெலக்கடலைய) ஒவ்வொண்ணா அளந்து நீளத்த எழுதுங்க. ஒரு 30 எண்ணாவது இருக்கட்டும், அதுக்கு கொறஞ்சா வடிவம் சரியா நிக்காது. ஒரு சின்ன எச்சரிக்கை, வயசு எடுத்தா மட்டும் கவனம், வயச நாம கிட்ட இருக்கற எண்ணுக்கு எழுதறது இல்ல, 12 வயசு 11 மாசத்தையும் 12ன்னுதான் சொல்லுவோம், அதனால அங்க 0.5 சொவரு பொருந்தாது, 12ங்கற அறை 12லேர்ந்து 13 தொடறதுக்கு முன்ன வரைக்கும்.

வருஷக் கடைசிப் பரீட்சையில இந்தப் பாடத்துலேர்ந்து வந்த கேள்விய அவ சரியா செஞ்சிருந்தா, அந்தத் தாளையும் பத்திரமா வச்சிருக்கேன். 40 அட்டையும் மைலோ டின்னுல அலமாரி மேல இருக்கு. மாமா போன வாரம் வந்தப்ப அதத் தேடி எடுத்து பிள்ளைங்கள கூப்பிட்டு, அடுத்த வருஷம் இதே மாசம் இன்னொரு 40 குலை எடை போடுங்க, மேட்டு மரத்துக் கூட்டம் எத்தன கிலோ வலது பக்கம் நகர்ந்திருக்குன்னு நான் பாக்கணும்னாரு. பையன் இப்பவே பத்து பதினொன்னுல போயி நிக்கும்னு சொல்லி அட்டைக்குப் பின்னால எழுதி டின்னுல போட்டு வச்சிட்டான், என் மக அதுக்கு மேல போகும்ங்கறா.